வசவுக்கு முன்வரிசை

அந்த ஜன்னல் சீட்டு உங்களுதாவே இருக்கட்டும் சார். நான் கேக்கல. கண்டக்டர்தான் வயசானவருன்னு ஏதோ சொன்னான். வயசாம் வயசு. மை அடிச்சுக் கொஞ்ச நாள் ஆயிடுச்சு, அதான் காதோரம் வெள்ளை தெரியுது. உக்காருங்க. இந்தப் பக்கம்தான் எனக்குக் கால் நீட்ட வசதி.

மெட்ராஸுக்கா? நானும்தான். திருவான்மியூர்ல எறங்கணும். வீட்டுக்காரியக் கூட்டியாரப் போறேன். கோவிச்சுக்கிட்டுப் போனவளான்னு பாக்கறீங்க. அய்ய, அதெல்லாம் இல்ல. எங்க வீட்ல சண்டைங்கறதே கிடையாது, தெருவுல யாரை வேணா கேளுங்க. அவ வேலையா போயிருக்கா. என்ன வேலைன்னு கேளுங்க. திட்டற வேலை.

நெசமாத்தான் சொல்றேன். ஒரு பெரிய ஓட்டல்ல, சனிக்கெழமை ஆனா சாயங்காலம் மேடை ஏறி, மைக்கப் பிடிச்சு, வந்தவங்களத் திட்டுவா. ஜனம் டிக்கெட் எடுத்து உள்ள வந்து, நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டு, கையத் தட்டிட்டுப் போவுது. இதுக்குப் பேரு கேபரே.

நீங்க நெனைக்கிற கேபரே இல்ல சார். நீங்க எதை நெனைக்கிறீங்கன்னு மொகத்துலயே தெரியுது. நானும் அதைத்தான் நெனைச்சேன். என் கெட்ட நேரம் அங்கதான் ஆரம்பிச்சுது.

நமக்குப் பாண்டிச்சேரி. முத்தியால்பேட்டை. பேரு தணிகாசலம். தணிகை ரெஸ்டோ பார்னு கேட்டீங்கன்னா யாரும் வழி சொல்லுவாங்க. சொல்லிக்கிட்டு இருந்தாங்க. எங்கப்பா காலத்துல அது சாராயக்கடை. நான்தான் ஏசி போட்டு, சோபா போட்டு, ரெஸ்டோ பார் ஆக்கினவன். எங்க ஊரப் பத்தி ஒண்ணு சொல்றேன், வெளியில சொல்லாதீங்க. பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிப் போயி எத்தனையோ காலம் ஆச்சு. ஆனா அவன் பேரச் சொல்லி நாங்க விக்கிற மாதிரி அவனே வித்திருக்க மாட்டான். இட்லிக் கடைக்கு மஞ்ச பெயிண்ட் அடிச்சு ஓரத்துல வெள்ளைக் கோடு போட்டா அது பிரெஞ்சு கஃபே. சுவத்துல காரை பேந்திருந்தா அது ஹெரிட்டேஜ். லீவு நாள்ல மெட்ராஸ்லேர்ந்தும் பெங்களூர்லேர்ந்தும் பசங்க வந்து அந்தப் பேந்த காரைக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கறானுங்க. அவனுங்க குடியிருக்கற வீட்ல காரை பேந்தா ஓனரு சட்டையப் பிடிப்பானுங்க.

இப்படி இருக்கறப்ப எனக்கு எதுத்தாப்புல ஒருத்தன் கடை தெறந்தான். பேரு பாரிஸ் நைட்டு. உள்ள பூரா செவப்பு லைட்டு. வாசல்ல ஒரு ராட்சசக் காத்தாடி, அதுக்கும் செவப்பு பெயிண்ட், கரண்ட்ல சுத்துது. பாரிஸ்ல அப்படி ஒரு எடம் இருக்காம். என் கடையில வழக்கமா உக்கார்றவன்லாம் அந்தக் காத்தாடிய அண்ணாந்து பாத்துக்கிட்டே அங்க போயிட்டான். எனக்கு வயிறு எரிஞ்சுது சார். சரி, அவன் காத்தாடி வச்சா நாம கேபரே போடுவோம்னு முடிவு பண்ணேன்.

எனக்குத் தெரிஞ்ச கேபரே எது? பழைய சினிமாவுல வில்லன் சோபாவுல சாஞ்சுக்கிட்டு பைப் பிடிப்பான். தலையில இறகு வச்சுக்கிட்டு ஒருத்தி மாடிப்படி எறங்கி வருவா. அவ்ளோதான். விழுப்புரத்துல ஒரு டான்ஸ் குரூப்பப் பேசினேன், திருவிழாவுல ஆடற குரூப்பு, நல்லவங்க. ஆனா இறகுக் கிரீடம் அவங்ககிட்ட இல்ல. எங்க தெருவுல கதிரேசன்னு ஒருத்தர் காவடி கட்டறவரு. அவர்கிட்டப் போயி, தலைக்கு மேல நல்லா விரிஞ்சாப்புல, மயிலிறகு வச்சு, ஜிகினா வச்சு ஒண்ணு வேணும்னேன். எதுக்குன்னு அவரு கேக்கல. நானும் சொல்லல. பக்தியோட செஞ்சு குடுத்தாரு. அது தை மாசம் வேற.

குரூப்புல ஒரு பொண்ணு அதைத் தலையில வச்சுக்கிட்டுப் படியில எறங்குது. கிச்சன் படிதான், வேற படி ஏது எங்கிட்ட. லைட்டப் போட்டோம். தலைக்கு மேல மயிலிறகு அரைவட்டமா நிக்குது. கடையில பேச்சு மூச்சு இல்ல. மயங்கிட்டானுங்கன்னு நெனைச்சேன். பாத்தா ஒருத்தன் கிளாஸக் கீழ வச்சுட்டு செருப்பக் கழட்டறான். பக்கத்துல இருந்தவன் கன்னத்துல போட்டுக்கறான். மூலையிலேர்ந்து ஒரு கொரல், வெற்றிவேல் முருகனுக்குன்னு. மொத்தக் கடையும் அரோகரா. கீபோர்டுக்காரன் பழக்கதோஷத்துல காவடிச் சிந்துக்குப் போயிட்டான். வெல்டிங் பட்டறை நாகமுத்துவுக்கு சாமி வந்து, சோபா மேல ஏறி, விபூதி எங்கடான்னு கேக்கறான். கல்லாவுல இருந்த விபூதிய எடுத்து நான்தான் பூசி எறக்கினேன். தைப்பூசம் முடியற வரைக்கும் தொடறதில்லன்னு பாதிப் பேரு அங்கயே சத்தியம் பண்ணிட்டு வீட்டுக்குப் போயிட்டான். கேபரே போட்டு ஊரத் திருத்தினவன் உலகத்துலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

அன்னைக்கு என் மச்சான் கஜபதி கடையில இருந்தாரு. வீட்டுக்காரிக்குப் பெரியப்பா மகன், அண்ணன் முறை. அவரு அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவரு. எங்க ஊர்ல அந்தக் குடும்பங்கள சொல்தா வீடும்பாங்க. அதனால மச்சான் பிரான்ஸ் பிரஜை. பாரிஸ்ல ஏதோ ஒரு ஓட்டல்ல காலம் பூரா பரிமாறிட்டு, இப்ப பென்சன் வாங்கிக்கிட்டு, குளிர் வந்தா இங்க வந்து எங்க வீட்ல மீன்கொழம்பு சாப்பிடறாரு. நாகமுத்து சாமியாடறதப் பாத்து மனுஷன் வயித்தப் பிடிச்சுக்கிட்டுக் கீழ உக்காந்துட்டாரு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல.

அப்புறம் கண்ணத் தொடச்சுக்கிட்டு சொன்னாரு. "மாப்ள, நீ வச்ச இறகெல்லாம் பின்னாடி வந்தது. மொதல்ல இருந்தது நாக்கு. நூறு நூத்தம்பது வருஷத்துக்கு முந்தி பாரிஸ்ல ஒரு மேட்டுல சின்னச் சின்ன ரூமு. படம் வரையறவன், பாட்டுக் கட்டறவன், கையில காசில்லாதவன்லாம் கூடுவான். மந்திரியக் கிண்டல் பண்ணிப் பாட்டு, பணக்காரனக் கிண்டல் பண்ணிப் பாட்டு. ஒரு கடையில மொதலாளியே முழங்கால் வரைக்கும் பூட்ஸ் போட்டு நடுவுல நின்னுக்கிட்டு, உள்ள வர்றவன ஒவ்வொருத்தனா திட்டுவான். பணக்காரன் குதிரை வண்டி கட்டிக்கிட்டு வந்து திட்டு வாங்கிட்டுப் போவான். அவனத் திட்டாம விட்டா கோவிச்சுக்குவான்."

நான் நம்பல. அவரு விடல. "உன் எதுத்த கடையப் பாரு. குட்டை டேபிளு, மெழுகுவத்தி, மூக்குக்கு முன்னாடி மேடை, பாதி இருட்டு, மைக்க வச்சுக்கிட்டு வந்தவன வம்புக்கு இழுக்கற பையன். எல்லாம் அந்த மேட்டுலேர்ந்து எறங்கி வந்ததுதான். மெட்ராஸ்ல ஜோக்கு சொல்லியே பொழைக்கறானே, அவனுக்கும் பாட்டன் அந்த பூட்ஸ்காரன்தான்" அப்படின்னாரு.

எனக்கு அது பிடிச்சுப்போச்சு. ஏன்னா இறகு வேணாம், குரூப்பு வேணாம், கீபோர்டு வேணாம். திட்டறதுக்கு என்ன செலவு? அதுவும் மொதலாளியே திட்டணும்னா இன்னும் நல்லது. மறுநாளே முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் ஒண்ணு வாங்கிப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னேன். எங்க சர்வர் எட்டியப்பன் ஓடி வந்து, டிரைனேஜ் அடைச்சுக்கிச்சா மொதலாளின்னு கேட்டான்.

மொதல்ல வந்தவரு பேங்க் மேனேஜர். எங்க லோன் அவர்கிட்டதான் இருக்கு. வாங்க சார், வாங்க, உக்காருங்கன்னேன். அடுத்தது கரண்ட் ஆபீஸ்காரரு. அவருக்கும் வாங்க சார்தான். மூணாவதா ஒரு ஆட்டோக்காரரு. இவரத் திட்டுவோம்னு, வந்துட்டான் பாரு, மூஞ்சியும் மொகரையும்னு ஆரம்பிச்சேன். மனுஷன் டேபிள்ல இருந்த தண்ணி ஜக்க எடுத்து என் தலையில கவுத்துட்டு எதுத்த கடைக்குப் போயிட்டாரு. அப்புறம் எட்டியப்பனத் திட்டினேன். அது சரளமா வந்துச்சு, நானே அசந்துட்டேன். ஆனா ஒருத்தன் சிரிக்கல. பாவம்யா அந்த ஆளு, அப்படிங்கறானுங்க. எனக்குத் திட்ட வராதுன்னு இல்ல சார். எனக்கு ஆளப் பாத்துதான் வரும்.

அந்த நேரம் வீட்டுக்காரி சாப்பாடு எடுத்துக்கிட்டு வந்தா. கடைச் சாப்பாடு நான் தொடறதில்ல, வயித்துக்கு ஆகாது. அவதான் சாயங்காலம் கேரியர்ல கொண்டாருவா. வந்து நிக்கறப்ப ஒரு ஐடிக்காரப் பையன், ஆன்ட்டி, காளான் வறுவல் சொல்லி அரை மணி நேரமாச்சு, அப்படின்னான். அவ கேரியர டேபிள் மேல வச்சா. அவன மேலயும் கீழயும் பாத்தா.

"ஏம்பா, உங்கம்மா ஒரு தோசைய நிதானமா ஊத்தினா தட்டத் தள்ளிட்டு எழுந்திருக்கற மூஞ்சி இது. இங்க ஒரு காளானுக்கு அரை மணி நேரம் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்க. உங்கம்மாவ எங்கயாவது பாத்தா சொல்றேன், பையன் பொறுமைசாலிதாம்மா, நீ பில்லு போடாதது உன் தப்புன்னு."

கடை அதிர்ந்துச்சு. அந்தப் பையனே சிரிச்சு, இன்னொரு தடவ சொல்லுங்க ஆன்ட்டின்னு செல்போன எடுத்தான். பக்கத்து டேபிள்காரன், எனக்கு எனக்குன்னு கையத் தூக்கறான். அவனுக்கும் ஒண்ணு குடுத்தா. மச்சான் மெதுவா எழுந்து போயி கீபோர்டுக்காரன் விட்டுட்டுப் போன மைக்க எடுத்து அவ கையில வச்சாரு. அவ வேண்டாம்னு சொல்லுவான்னு பாத்தேன். வாங்கிட்டா. சமையல்கரண்டியப் பிடிக்கிற மாதிரிதான் பிடிச்சா, பிடிச்சுக்கிட்டு அடுத்த டேபிள் பக்கம் திரும்பினா.

அன்னைக்கே மச்சான் என் கையையும் அவ கையையும் சேத்து வச்சு ஒரு சட்டம் போட்டாரு. மேடையில சொன்னதுக்கு வீட்ல கேள்வி கேக்கக் கூடாது. இது இருந்தாதான் அது கேபரே, இல்லேன்னா குழாயடி அப்படின்னாரு. நான் பெரிய மனசு பண்ணி ஒத்துக்கிட்டேன். எனக்கென்ன, வந்தவனத்தான திட்டப் போறா. வாசல்ல போர்டு எழுதி வச்சோம், குமுதவல்லி கேபரேன்னு. அவ அந்த போர்டையே பாத்துக்கிட்டு நின்னா. என்னன்னு கேட்டேன். "என் பேரு இவ்ளோ நீளமா" அப்படின்னா. எனக்கும் ஆச்சரியமாத்தான் இருந்துச்சு. நான் இந்தான்னுதான் கூப்புடறது.

மரக்காணம் வந்துடுச்சு போலிருக்கே. உப்பு வாடை வருது பாருங்க. ஜன்னல மூட வேணாம், இருக்கட்டும்.

ஓடிச்சு சார் கேபரே. காத்தாடிக் கடை காத்தாட ஆரம்பிச்சுது. சனிக்கெழமை சாயங்காலம் என் வாசல்ல மெட்ராஸ் காருங்க. மொதல்ல வந்தவங்களத் திட்டுவா. அப்புறம் எங்க வீட்டுக்காரருன்னு ஒரு ஆளப் பத்திச் சொல்லுவா. ஒரு கதாபாத்திரம், அவளா கட்டினது. அப்படி ஒரு ஆளு சார், கேட்டா நீங்க புரண்டு சிரிப்பீங்க. பொண்டாட்டி ஆப்பரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில படுத்திருக்கறா. அவன் போன் பண்ணி, சீரகம் எங்க வச்சேன்னு கேக்கறான். ஜனம் சிரிக்குது. நான்தான் எல்லாத்தையும் விட சத்தமா சிரிப்பேன். எட்டியப்பன் ஒரு மாதிரியா என்னைப் பாப்பான். என்னடா பாக்கறன்னு கேட்டா, ஒண்ணுமில்ல மொதலாளிம்பான். நான் கேட்டது வெந்தயம் சார். அவன் கேட்டது சீரகம். அப்ப அது எப்படி நானாவும்?

இன்னொண்ணு. கல்யாணத்தன்னைக்கு அந்த ஆளு, பொண்ணு கழுத்துல தாலி கட்டின கையோட, மாமனார் வாங்கிக் குடுத்த வண்டியப் பாக்க ஓடறானாம். பொண்ணு மணமேடையில தனியா உக்காந்திருக்காளாம். எங்க மாமனார் குடுத்தது வண்டி இல்ல, பிரிட்ஜு. நான் பாக்கப் போனது அது கதவு எந்தப் பக்கம் தெறக்குதுன்னு. ரெண்டும் ஒண்ணா? ஆனா பாருங்க, ஷோ முடிஞ்சதும் எல்லாரும் வந்து எனக்குத்தான் கை குடுப்பாங்க. தோள்ல கை போட்டு போட்டோ எடுத்துக்குவாங்க. மொதலாளிங்கற மரியாதை. ஒரு பொம்பளை வந்து என் மொகத்த நல்லாப் பாத்துட்டு, நீங்கதானான்னுச்சு. ஆமாம்மா, நான்தான்னேன்.

வீட்ல ஒரு சத்தம் கிடையாது அப்ப. முன்னாடியாவது இது இல்ல, அது இல்லன்னு எதாவது சொல்லுவா. மேடை ஏறினதுலேர்ந்து அதுவும் நின்னுபோச்சு. சாப்பாடு வரும், தண்ணி வரும், பேச்சு வராது. நான் நிம்மதின்னு நெனைச்சேன். கொஞ்ச நாள் போனப்புறம்தான் தெரிஞ்சுது, வீட்டு சமாச்சாரம் பூரா அவ சனிக்கெழமைக்கு சேத்து வைக்கிறான்னு. என் பொண்ணு மெட்ராஸ்ல வேலை மாறினத நான் மேடையில கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். மாமனார் திவசம் வந்து போனத மேடையிலதான் கேட்டேன். கடையில உக்காந்திருக்கற அத்தனை பேரோட சேந்து, என் வீட்ல என்ன நடக்குதுன்னு நானும் கேட்டுக்குவேன். சனிக்கெழமை மத்தியானமே எனக்கு ஒரு படபடப்பு வந்துடும், இன்னைக்கு என்ன சேதியோன்னு.

ஒரு நாள் அவ சொன்னா. சிரிப்பாத்தான் சொன்னா. "மார்ல ஒரு கட்டி மாதிரி இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனேன். டெஸ்ட்டு எடுக்கணும்னாங்க. கூட யாரும்மா வந்திருக்காங்கன்னு டாக்டரம்மா கேட்டாங்க. டோக்கன் மட்டும்தான் வந்திருக்கும்மான்னேன்."

கடை அதிர்ந்துச்சு. நானும் சிரிச்சேன் சார். பழக்கம், எல்லாரும் சிரிச்சா கூட சிரிக்கிறது. பாதி சிரிப்புல வாய் அப்படியே நின்னுபோச்சு. அவ அதுக்குள்ள வேற கதைக்குப் போயிட்டா.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அது உண்மையான்னேன். அவ பாத்திரத்தக் கவுத்து வச்சுக்கிட்டே, "மேடையில சொன்னதுக்கு வீட்ல கேள்வி கேக்கக் கூடாது, அண்ணன் போட்ட சட்டம்" அப்படின்னா. டெஸ்ட்டு எடுத்தாங்களா, என்ன வந்துச்சுன்னேன். வெளக்க அணைச்சுட்டுப் போயிட்டா. மச்சான் அதுக்குள்ள பாரிஸ் போயிட்டாரு. போன் பண்ணேன். சட்டம் சட்டம்தான் மாப்ளங்கறாரு. பொண்ணக் கேட்டேன். அம்மாவக் கேளுங்கப்பாங்கறா. நேரா ஆஸ்பத்திரியிலயே போயி கேட்டுடலாம்னு சட்டையப் போட்டேன். எந்த ஆஸ்பத்திரின்னு எனக்குத் தெரியல.

இதுல எனக்கு எவ்ளோ அவமானம் பாருங்க. ஊருக்கே தெரிஞ்சது புருஷனுக்குத் தெரியல.

அடுத்த சனிக்கெழமை மேடையில என்ன சொல்றா தெரியுமா? "எங்க வீட்டுக்காரரு இந்த வாரம் என்கிட்ட வந்து, உண்மையான்னு கேட்டாருங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து அவரு என்னைக் கேட்ட மொத கேள்வி அது. அதுக்கு முந்தி கேட்டது பூரா எங்க வச்சேன்தான்."

எனக்குத் தாங்கல. எழுந்துட்டேன். யோவ், அது நான் இல்லய்யான்னு கத்திட்டேன். மொத்தக் கடைக்கும் கேக்கற மாதிரி. சார், அந்தக் கடை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அப்படி ஒரு சிரிப்பு சிரிச்சதில்ல. டேபிளத் தட்டறானுங்க. ஒருத்தன் கீழ விழுந்துட்டான். அவ மட்டும் சிரிக்கல. மைக்கப் பிடிச்சுக்கிட்டு என்னைப் பாத்துக்கிட்டே இருந்தா, நான் இன்னும் எதாவது சொல்லுவேங்கற மாதிரி. நான் உக்காந்துட்டேன்.

அந்தக் கூட்டத்துல மெட்ராஸ் ஓட்டல்காரன் ஒருத்தன் இருந்திருக்கான். ரெண்டு வாரத்துல அவ மேடையிலயே சொல்லிட்டா, அடுத்த மாசத்துலேர்ந்து நான் மெட்ராஸுங்க, வந்து பாருங்கன்னு. ஜனம் கை தட்டுச்சு. எனக்கும் அப்பதான் தெரியும். பொண்ணு வீட்ல தங்கிக்கிட்டா. கெளம்பற அன்னைக்கு, எப்ப வருவேன்னு கேட்டேன். அந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் சொன்னா. "சனிக்கெழமை வாங்க, சொல்றேன்." கொரல்ல கோவம் இல்ல சார், அதைத்தான் நான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன்.

கடை படுத்துடுச்சு. எட்டியப்பன் காத்தாடிக் கடைக்குப் போயிட்டான். அங்க போயி என்னைப் பத்திப் பேசறானாம், அவனுக்கும் நல்ல கை தட்டலாம். அதனாலதான் இன்னைக்கு, சனிக்கெழமையாப் பாத்து, அவளக் கூட்டியாரப் போறேன். வியாபாரம் முக்கியம் பாருங்க. மச்சான் வேற பாரிஸ்லேர்ந்து போன் பண்ணாரு, அவ சொல்லியிருப்பா போல. மாப்ள, உனக்குன்னு முன்வரிசையில நாற்காலி போட்டிருக்கு, மேல தனி லைட்டு, நீ வந்து உக்கார்றதுக்குத்தான் எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்கன்னாரு. பாத்தீங்களா, எங்க போனாலும் எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கத்தான் செய்யுது. நான் இல்லாம அவளுக்கு ஓடாது, அது அந்த ஓட்டல்காரனுக்கே தெரிஞ்சுபோச்சு.

என்ன சொல்லிக் கூப்புடணும்னு யோசிச்சு வச்சிருக்கேன். கேளுங்க, நல்லாருக்கான்னு சொல்லுங்க. இந்தா, வீட்ல போட்டது போட்டபடி கெடக்கு, தொவைக்கிற துணி மலை மாதிரி இருக்கு, மெஷின எப்படிப் போடறதுன்னு தெரியல, வந்து சேரு. எப்படி?

இதுல என்ன சார் சிரிப்பு? ரொம்ப நேரமா பாக்கறேன், நான் எது சொன்னாலும் நீங்க ஜன்னல் பக்கம் திரும்பி சிரிக்கிறீங்க. இது ஜோக்கு இல்ல. நான் வாயத் தெறந்தா ஏன் எல்லாருக்கும் ஜோக்காவே இருக்குது?

என்ன கேட்டீங்க? டெஸ்ட்டுல என்ன வந்துச்சுன்னா?

தெரியல.

தெரியல சார். இன்னைக்கு வரைக்கும் தெரியல. ராத்திரியெல்லாம் அதேதான் ஓடுது. நல்லதாத்தான் இருக்கும், இல்லேன்னா பொண்ணு சொல்லியிருப்பான்னு நெனைப்பேன். அப்புறம் அதே பொண்ணு போன்ல, அம்மா தூங்கறாங்கப்பான்னு பகல்ல சொன்னது ஞாபகம் வரும். அவ பகல்ல தூங்கி நான் பாத்ததே இல்ல. துணி மலை மாதிரி கெடக்கறது நெசம்தான். அதுக்காக இல்ல. எனக்குப் பயமா இருக்கு சார். அதைச் சொல்ல ஒரு வாக்கியம் வரமாட்டேங்குது, வாயத் தெறந்தா மெஷினுதான் வருது.

வீட்ல கேட்டா சொல்ல மாட்டா. போன்ல கேட்டா வச்சுடுவா. அவ என்கிட்டப் பேசறது அந்த மேடையிலேர்ந்து மட்டும்தான். அப்ப அங்கதான கேக்கணும்? சட்டம் என்ன சொல்லுது, மேடையில சொன்னத வீட்ல கேக்கக் கூடாதுன்னுதான சொல்லுது. மேடையிலயே கேக்கக் கூடாதுன்னு மச்சான் போடலையே.

அதோ திருவான்மியூர். கண்டக்டர், எறங்கணும். கொஞ்சம் கால மடக்கிக்குங்க சார், பையி மாட்டிக்கிச்சு.

கேக்கப் போறேன். அந்த முன்வரிசையில, அந்த லைட்டுக்குக் கீழ எழுந்து நின்னு, குமுதவல்லி, டெஸ்ட்டுல என்ன வந்துச்சுன்னு கேக்கப் போறேன். எல்லாரும் சிரிப்பாங்க, நீங்க சிரிச்ச மாதிரி. சிரிச்சு முடிக்கட்டும். அவ பதில் சொல்ற வரைக்கும் நான் உக்காரப் போறதில்ல.